பாசிமணியும் சுங்கச் சீட்டும்

1. கேள்வி

ரெட்டியார்பாளையம் புதுச்சேரி நகருக்கு மேற்கே விழுப்புரம் சாலையில், உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கிறது. அஞ்சல் குறியீட்டு எண் 605010. அந்த எண்ணைத் தாங்கிய சிறு உறை ஒன்று லிஸ்பனிலிருந்தோ கியோட்டோவிலிருந்தோ கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு ஜோடித் தோடு. யாரோ ஒருவர் தன் வீட்டு மேசையில் களிமண்ணை உருட்டி, தேநீர்க் கோப்பை வடிவில் பிடித்து, கையால் வண்ணம் பூசியது. எடை இருபது கிராம் இருக்கும். பொட்டுத் தங்கம் கிடையாது, வெள்ளியும் கிடையாது. அந்த உறை சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்க அதிகாரியின் கண்ணில் படுகிறது. அவர் மதிப்பிட்டுத் தீர்வை போடுகிறார். சில நாள் கழித்துத் தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உறையை நீட்டுவதற்கு முன் பணத்தைக் கேட்கிறார்.

இந்தப் பணம் எதற்கு? தோட்டுக்கா, அது வந்த வழிக்கா?

இதற்குப் பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. உள்ளூர்க் கைவினைஞரைக் காப்பதற்காக என்பது ஒன்று. அவசியமில்லாத ஆடம்பரத்துக்கு அரசு கேட்கும் விலை என்பது இன்னொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் தீர்வை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இரண்டுமே தடுமாறுகின்றன. வரி பொருளைப் பார்ப்பதில்லை, பொருள் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதையே பார்க்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ் நிலத்தில் அதிகமில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சின்னஞ்சிறு அணிகலன்களும் சுங்கக் கோடுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் ஊர் இது.

2. பெயரில் உள்ள சிக்கல்

இந்த வகை நகைக்கு நம்மிடம் நேரான பெயர் இல்லை. ‘கவரிங்’ என்றால் தங்க முலாம், அதாவது சிதம்பரம் கவரிங். அது தங்கத்தின் இடத்தில் நிற்பதற்காகவே செய்யப்படுவது. பார்ப்பவர் தங்கம் என்று நினைத்தால்தான் அது வெற்றி. தேநீர்க் கோப்பைத் தோட்டுக்கு அந்த ஆசை கிடையாது. அது எதற்கும் போலி இல்லை. சுங்க அட்டவணை மட்டும் இரண்டையும் ஒரே தலைப்பில், 7117 என்ற எண்ணின் கீழ், ‘போலி நகை’ என்று வைத்திருக்கிறது. அதன் உட்பிரிவுகளில் வளையல் உண்டு, ஜெர்மன் சில்வர் நகை உண்டு, போலி முத்தும் கல்லும் பதித்தது உண்டு. கையால் செய்ததா, அச்சில் அடித்ததா என்ற கேள்வி எங்கும் இல்லை.

மக்கள் வழக்கு சட்டத்தைவிட நுட்பமானது. எந்தச் சிற்றூரிலும் ‘ஃபேன்சி ஸ்டோர்’ இருக்கிறது. அங்கே வாங்குவது ‘ஃபேன்சி நகை’. பிரெஞ்சுக்காரர்கள் இதே பொருளை ‘பிஜூ ஃபாந்தெசி’ என்கிறார்கள். ஃபேன்சி, ஃபாந்தெசி இரண்டும் கற்பனையைக் குறிக்கும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. போலி என்று சட்டம் சொல்வதைக் கற்பனை என்று கடைத்தெரு சொல்கிறது. இரண்டு மொழிகளும் புழங்கிய ஊரில் இந்தப் பொருத்தம் யார் கண்ணிலாவது முன்பே பட்டிருக்க வேண்டும்.

3. அரிக்கமேட்டிலிருந்து போனவை

ரெட்டியார்பாளையத்திலிருந்து தென்கிழக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பை ஒட்டி அரிக்கமேடு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி இங்கே இருந்த இடிபாடுகளைப் பற்றி எழுதினார். 1937இல் ழுவோ துப்ரேய் இந்த மேட்டின் முக்கியத்துவத்தை உணர்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவரைத் தொடர்ந்து 1947 முதல் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும். ‘பெரிப்ளூஸ்’ என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் ‘பொதுகே’ துறைமுகம் இதுதான் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

வீலரின் கண் ரோமப் பொருள்களின் மேலேயே இருந்தது. அர்ரெட்டைன் மட்கலம், ஆம்போரா ஜாடி என்று வந்தவற்றை வைத்தே அவர் ஊரின் கதையைச் சொன்னார். மேலை வணிகம் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, அது போன பின்னும் இருந்தது என்று பெக்லி திருத்தினார். ஆனால் நம் கேள்விக்கு வந்தவற்றைவிடப் போனவைதான் முக்கியம். அவற்றில் ஒன்று பாசிமணி.

மணிகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்த பீட்டர் ஃபிரான்சிஸ், அரிக்கமேட்டில் செய்த ஒற்றை நிறக் கண்ணாடி மணிகளை ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்ற வகைக்குள் வைத்தார். உருகிய கண்ணாடியைக் குழாயாக நீள இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்குவது அதன் தொழில்நுட்பம். ஆந்திரத்தில் காளத்திக்கு அருகிலுள்ள பாபநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நடந்த மணித்தொழிலைப் பார்த்துத்தான் அவர் பழைய முறையை ஊகித்தார். அரிக்கமேடே இந்த வகையின் தாயகம் என்பது அவர் முடிவு. பிற்பாடு வந்த வேதியியல் பகுப்பாய்வுகள் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. கண்ணாடியின் சேர்மானம் ஒன்றல்ல, பல. இலங்கையில் கிரிபாவ போன்ற இடங்களில் மூலக் கண்ணாடி காய்ச்சிய உலைகள் கிடைத்திருக்கின்றன. தாய் ஒருத்தியா பலரா என்ற விவாதம் இருக்கட்டும். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேவில் இந்தோ-பசிபிக் மணிகள் கிடைத்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. கிழக்கே தாய்லாந்து, வியட்நாம் வரையிலும் அவை போயின.

எகிப்துக்குப் போன சரக்குக்கு ரோமப் பேரரசு வசூலித்தது நான்கில் ஒரு பங்கு. கிரேக்கத்தில் ‘தெதார்த்தே’, அதாவது கால் பங்கு. வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் 1985இல் வெளியான பிறகு இந்த வரி எப்படி நடைமுறையில் இருந்தது என்பது இன்னும் தெளிவாயிற்று. ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் முசிறியிலிருந்து வந்த சரக்கின் கணக்கு அது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கால் பங்கைப் பணமாக அல்லாமல் பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர் சிலர் கணக்கிடுகிறார்கள். நான்கு தந்தம் வந்தால் ஒன்று அரசுக்கு. எளிய ஏற்பாடு, மதிப்பீட்டில் தகராறு வர இடமே குறைவு.

இதே வணிகத்தைப் பற்றித்தான் ரோம எழுத்தாளர் பிளினி புலம்பினார். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது, இந்தியச் சரக்கு ரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்றார். வேறோர் இடத்தில் இந்தியா, சீனம், அரேபியா மூன்றையும் சேர்த்துப் பத்துக் கோடி என்று கணக்குச் சொல்லி, பழியை ஆடம்பரத்தின் மேலும் பெண்களின் மேலும் போட்டார். கால் பங்கை வாங்கிப் போட்டுக்கொண்ட அரசு கருவூலத்தைப் பற்றி அந்தக் கண்டனத்தில் ஒரு சொல்லும் இல்லை. இன்றும் வெளிநாட்டிலிருந்து தோடு வரவழைப்பவரிடம் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி “இதெல்லாம் தேவையா?” என்பதுதான். தீர்வை நூற்றுக்கு எத்தனை என்பதை யாரும் கேட்பதில்லை.

நம் பக்கத்திலும் சுங்கம் இருந்தது. அரசனுக்கு வரும் பொருளில் ‘உல்கு’ ஒன்று என்று திருக்குறள் கணக்கிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பொதிகளின் மேல் புலி இலச்சினை குத்தியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பெயர் நிலைத்தது. அரசர்களுக்குப் பட்டப் பெயர் பெரும்பாலும் போர்வெற்றியால் வரும். வரியை நீக்கியதற்காக ஒருவருக்குப் பெயர் வந்தது என்றால், அந்த வரி மக்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

4. கோட்டுக்கு இரண்டு பக்கம்

பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் ஊர்களுக்கு நடுவே சிதறிய கொம்யூன்கள், அவற்றுக்கு நடுவே பிரிட்டிஷ் திட்டுகள். இப்படிப்பட்ட நிலத்தைச் சுற்றிச் சுங்க வேலி போடுவது கந்தல் துணிக்கு ஓரம் அடிப்பது போல. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் ஏற்பட்டபோது அந்தத் தலைவலி தற்காலிகமாகத் தீர்ந்தது. 1949இல் ஒன்றியம் முறிந்தது. சுதந்திர இந்தியா புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் காவல் போட்டது.

அடுத்த ஐந்தாண்டுகள் இந்தக் கட்டுரைக்குச் சோதனைக்கூடம் போன்றவை. இந்தியாவில் தங்க இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுத் துறைமுகம். தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் கடல் வழியே சட்டப்படி இறங்கி, வயல் வழியே சட்டவிரோதமாக வெளியேறின. பொருள் அதே பொருள்தான். வரப்பைத் தாண்டியதும் அதன் பெயர் சரக்கிலிருந்து கடத்தல் ஆயிற்று. பண்டம் எதுவாக இருந்தாலும் அதன் தன்மையைக் கோடே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது. வரலாற்று நூல்கள் இதை விடுதலையாகவும் இணைப்பாகவும் சொல்கின்றன, சரிதான். ஆனால் சுங்கச் சாவடியின் கோணத்திலிருந்து பார்த்தால் அன்று நடந்தது ஒரு கோடு அழிந்தது. இன்று கோரிமேட்டிலும் மதகடிப்பட்டிலும் எல்லை தாண்டும்போது மக்கள் மனத்தில் பயம் வருவது பையில் பாட்டில் இருந்தால் மட்டும்தான்.

கோடு அழிந்தாலும் அதற்கு அப்பால் போனவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள், ‘சொல்தா’ என்று ஊர் அழைக்கும் பிரெஞ்சுப் படை வீரர்கள், அவர்கள் பிள்ளைகள். புதுச்சேரிக்கும் பாரிஸ் புறநகர்களுக்கும் இடையே பொட்டலங்கள் ஓயாமல் போய்வந்தன. அந்தப் பொட்டலங்களின் நிலை என்ன என்பதை ஆறாம் பகுதியில் பார்ப்போம்.

5. இன்றைய கணக்கு

வெளிநாட்டிலிருந்து அஞ்சலிலோ விமானத்திலோ தன் சொந்த உபயோகத்துக்கு ஒருவர் வரவழைக்கும் தீர்வைக்குரிய பொருள்களுக்கு இந்தியச் சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு இருக்கிறது: 9804. மருந்துக்கு மட்டும் தனி உட்பிரிவு, மற்றெல்லாம் ‘மற்றவை’. தோடும் மாவரைக்கும் இயந்திரமும் பொம்மையும் அங்கே ஒன்று. 

வாங்குவோர் வாயில் பல ஆண்டுகள் புழங்கிய எண் 77.28. அது எப்படி வந்தது? அடிப்படைச் சுங்கம் 35 விழுக்காடு. அதில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, 3.5. பொருளின் மதிப்போடு இவற்றைக் கூட்டிய தொகையான 138.5இன் மேல் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 28 விழுக்காடு, அதாவது 38.78. கூட்டினால் 77.28. வரியின் மேல் வரி என்பது இங்கே அலங்காரப் பேச்சல்ல, கணக்கு முறையே அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. தோட்டின் விலை 2000 ரூபாய் என்போம், அனுப்பும் செலவு 1000. சுங்க மதிப்பில் அனுப்பும் செலவும் சேரும். ஆனால் விமானத்தில் வந்தால் பொருள் விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. ஆக 2400. காப்பீட்டை விட்டுவிட்டால் தீர்வை 1854 ரூபாய் 72 காசு. ஏறக்குறைய இன்னொரு ஜோடித் தோடு.

இதே தோட்டை ஒரு வணிகர் மூட்டையாக இறக்குமதி செய்தால் அவர் 7117 என்ற தலைப்பில் வருகிறார். அங்கே 2022 நிதிநிலை அறிக்கை ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: கிலோவுக்குக் குறைந்தது 400 ரூபாயாவது தீர்வை வர வேண்டும். விலையைக் குறைத்துக் காட்டி வரும் மலிவுச் சரக்கைத் தடுப்பதே நோக்கம் என்று அரசு வெளிப்படையாகவே சொன்னது. 2023இல் அது 25 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 600 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது என்று உயர்ந்தது. ஜிஎஸ்டியோ 3 விழுக்காடு மட்டும். எல்லாம் சேர்த்தால் முப்பதை ஒட்டி நிற்கும்.

கிலோ என்ற அந்த அளவை கவனிக்கத்தக்கது. இருபது கிராம் தோட்டுக்குக் கிலோவுக்கு 600 ரூபாய் என்றால் 12 ரூபாய். இந்த விதியை எழுதியவரின் மனக்கண்ணில் இருந்தது சாக்குமூட்டை. ஒரு கைவினைஞரின் மேசை அங்கே இல்லை.

அண்மைக்கால மாற்றங்கள் நிலவரத்தை இளக்கியிருக்கின்றன. 2025 நிதிநிலை அறிக்கை சொந்த உபயோகப் பொருள்களின் சுங்கத்தை 35இலிருந்து 20 ஆக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜிஎஸ்டி படிகள் திருத்தப்பட்டபோது 28 என்பது 18 ஆயிற்று. 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை 20ஐயும் 10 ஆக்குவதாக அறிவித்தது. இப்போது தனி ஆளின் சுமையும் முப்பதை ஒட்டி வந்துவிடுகிறது. வணிகருக்கும் முப்பது, நமக்கும் முப்பது. நியாயம் பிறந்துவிட்டது என்று தோன்றும்.

உள்ளே பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை. வணிகரின் முப்பதில் பெரும்பகுதி சுங்கம், ஜிஎஸ்டி சொற்பம். தனி ஆளின் முப்பதில் பெரும்பகுதி ஜிஎஸ்டி. வணிகர் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். ரெட்டியார்பாளையத்தில் தோடு போட்டுக்கொள்பவருக்கு அந்த வசதி இல்லை. இதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. நேரு வீதிக் கடையில் வாங்கினால் 3 விழுக்காடு ஜிஎஸ்டி உள்ள தோட்டுக்கு, உறையில் வந்தால் மட்டும் ஏன் 18? 9804 என்ற வாசலில் நுழைந்த கணமே அது தோடு என்பதைச் சட்டம் மறந்துவிடுகிறது. அதன் கண்ணுக்கு அது இனி ‘தனி ஆளுக்கு வந்த பொருள்’ மட்டுமே.

6. ராக்கிக்கு மட்டும் கதவு

2019 டிசம்பர் 12 வரை 5000 ரூபாய் மதிப்புக்குள் வந்த பரிசுப் பொருள்களுக்குத் தீர்வை விலக்கு இருந்தது. இணையவழி விற்பனைத் தளங்கள், முக்கியமாகச் சீனத்திலிருந்து விற்றவை, சரக்கைப் பரிசு என்று எழுதி ஆயிரக்கணக்கில் அனுப்பியதால் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் அந்தக் கதவை மூடியது. தீர்வை கட்டாமல் பரிசாக எதையும் வரவழைக்க முடியாது என்றாயிற்று. விலக்குகள் இரண்டே. ஒன்று உயிர்காக்கும் மருந்து. இன்னொன்று ராக்கி.

அந்த அறிவிக்கை ராக்கியை எவ்வளவு கவனமாக வரையறுக்கிறது என்பது படிக்கச் சுவையானது. கயிறு வரலாம், கயிற்றோடு சேர்ந்த பரிசு வரக்கூடாது. தீர்வை 100 ரூபாய்க்குள் இருந்தால் வசூலிக்க வேண்டாம் என்ற சுங்கச் சட்டத்தின் 25(6) பிரிவு ராக்கிக்குப் பொருந்தும் என்று விளக்கமும் தருகிறது.

மணிக்கட்டில் கட்டும், பெரும்பாலும் கையால் கோத்த, விலையுயர்ந்த உலோகம் எதுவும் இல்லாத சிறு அணி! ஃபேன்சி நகைக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு கிடையாது. அதை மட்டும் சட்டம் அடையாளம் கண்டுகொண்டது. அதற்குப் பின்னால் உள்ள உறவுக்காக. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ராக்கி பெரும்பாலும் பிற்காலத்து வரவு. பொங்கல் சீருக்கோ, முதல் நற்கருணை விருந்துக்குப் பாரிஸிலிருந்து அத்தை அனுப்பும் கண்ணாடி மணிச் சரத்துக்கோ அப்படி ஒரு வரி அந்த அறிவிக்கையில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. தில்லியில் எழுதப்படும் சட்டத்துக்குத் தில்லியின் பண்டிகைகள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

7. காக்கப்படுவது யார்?

உள்ளூர்க் கைவினைஞரைக் காப்பதற்கே தீர்வை என்ற முதல் விடைக்குத் திரும்புவோம். ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி அதே விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் வில்லியனூர். அங்கே செய்யும் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுடுமண் தோடும் மாலையும் இன்று ஊரெங்கும் செய்கிறார்கள். லிஸ்பன் தோட்டுக்குப் போட்ட வரி வில்லியனூர்த் தோட்டை வாங்க வைக்கிறதா?

ஒரே இரும்பை விற்கும் இரண்டு ஆலைகளுக்கு அப்படி நடக்கலாம். ஒருவர் கையால் செய்த ஒற்றைப் பொருளுக்கு இன்னொருவர் கையால் செய்தது மாற்று ஆவது அரிது. வில்லியனூர்த் தோட்டின் உண்மையான எதிரி கிலோ கணக்கில் வந்து பத்து ரூபாய்க்குத் தொங்கும் அச்சு நகை. அதற்கு எதிராகக் கிலோ வரி ஓரளவு அரணாக நிற்கக்கூடும். ஆனால் 9804 தடுப்பது அதையல்ல. ஆர்வமுள்ள ஒருவர் எங்கோ உள்ள இன்னொரு கைவினைஞருக்கு நேராகக் காசு கொடுப்பதை.

கைவினை என்றால் என்ன என்று நம் வரிச் சட்டத்துக்குத் தெரியாமலும் இல்லை. 2018 ஜூலையில் வந்த ஜிஎஸ்டி அறிவிக்கை ஒன்று அதற்கு நல்ல வரையறையே தருகிறது: கருவிகள் ஓரளவு பயன்பட்டாலும் பெரும்பாலும் கையால் செய்தது, கண்ணுக்கு அழகான வேலைப்பாடு உள்ளது, இயந்திரம் செய்த அதே உபயோகப் பொருளிலிருந்து துலக்கமாக வேறுபடுவது. கைவினைப் பட்டியலில் விதை நகை, மணி நகை, ஏலக்காய் நகை வரை பேர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். நாட்டுக்குள்ளே இத்தனை பார்வைத் தெளிவோடு இருக்கும் சட்டம் கடல் வாசலில் வந்து நின்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறது. கையால் செய்தது என்று நிரூபிப்பது அஞ்சலகத்தில் கடினம் என்று அதிகாரிகள் தரப்பு சொல்லலாம். அது நடைமுறைச் சங்கடம்; மறுக்கவில்லை. ஆனால் நடைமுறைச் சங்கடத்தை உள்ளூர்த் தொழில் காப்பு என்று அழைக்கக் கூடாது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குட்பட்ட பொட்டலங்களுக்குத் தந்திருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்குச் சில நாள் முன்பே இந்திய அஞ்சல் துறை அங்கே பார்சல் ஏற்பதைப் பெரும்பாலும் நிறுத்திவைத்து, அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. புதுச்சேரியிலிருந்து ஒற்றைத் தோட்டை உறையில் வைத்து அனுப்பும் ஒருவருக்கு அந்த ஏழு வாரம் கடை மூடியதற்குச் சமம். பாரிஸில் அதைப் பெறுபவர் இப்போது தன் வாசலில் நின்று தன் தபால்காரருக்குப் பணம் எண்ணுகிறார். ரோமின் கால் பங்கு எல்லாத் திசைக்கும் திரும்பி வந்திருக்கிறது. பொருளாக எடுத்துக்கொள்ளும் பழைய வசதி மட்டும் இல்லை.

பொட்டலத்தின் மேல் ஒட்டும் சுங்க அறிவிப்புச் சீட்டுக்கு அஞ்சல் உலகில் சிஎன் 22 என்று பெயர். உலக அஞ்சல் ஒன்றியத்தின் அலுவல் மொழி பிரெஞ்சு என்பதால், எந்த நாட்டில் அச்சானாலும் அதில் பெரும்பாலும் பிரெஞ்சும் இருக்கும். மேலே சில கட்டங்கள். முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘காதோ’, அதாவது பரிசு. பாரிஸிலிருந்து அத்தை இன்றும் அந்தக் கட்டத்தில்தான் குறி போடுகிறார். அவர் எழுதியது உண்மையும்கூட. சென்னையில் உறையைக் கையில் எடுப்பவர் அந்தக் குறியைப் பார்க்கிறார், பிறகு விலை எழுதிய வரிக்கு விரலை நகர்த்துகிறார்.